ஆறுமணிக்குருவியைத் தேடிப் பார்ப்பது எப்படி?

ஆறுமணிக்குருவியைப் பார்க்க வேண்டும் என்று கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் செய்யும் முதல் பிழை, மரக்கிளைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பதுதான். ஒன்பது நிறம் கொண்ட பறவை என்று கேள்விப்பட்டவுடன், அது மாங்குயிலைப் போல இலைகளுக்கிடையே பளிச்சென்று தெரியும் என மனம் எண்ணிக்கொள்கிறது. உண்மையில், நம் ஊருக்கு வந்து தங்கும் மாதங்களில் இந்தக் குருவி பகலின் பெரும்பகுதியைத் தரையில், நிழலில், உதிர்ந்த சருகுகளின் நடுவே கழிக்கிறது. ஆகவே இந்தக் குறிப்புகள் முழுவதையும் ஒரே வரியில் சுருக்கச் சொன்னால், சருகு மண்டிய இடத்தில் போய் அசையாமல் உட்காருங்கள் என்றுதான் சொல்வேன். எங்கே, எந்த மாதத்தில், எந்த வேளையில், எதைக் கேட்டபடி உட்கார வேண்டும் என்பதைக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். களைத்துப்போன குருவி வீட்டுக்குள் வந்து விழுந்தால் செய்ய வேண்டியதையும் கடைசியில் சேர்த்திருக்கிறேன். நம்மில் பலர் இப்பறவையை முதன்முதலாகப் பார்ப்பது அப்படித்தான்.

எப்படி அடையாளம் காண்பது

இது மைனாவைவிடச் சிறியது. நீளம் 15 முதல் 19 சென்டிமீட்டர், எடை 47 முதல் 66 கிராம். அதாவது ஏறத்தாழ ஒரு கோழிமுட்டையின் எடை. முதுகு பச்சை, மார்பும் வயிறும் சந்தனம் கலந்த மஞ்சள், தொண்டை வெள்ளை. உச்சந்தலையின் நடுவே ஒரு கறுப்புக் கோடு ஓட, அதன் இருபுறமும் வெளிர்பழுப்பாக இருக்கும்; கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவமும், கண்ணை மூடினாற்போல் அகன்ற கறுப்புப் பட்டையும் உண்டு. தோள்பட்டையிலும் வாலுக்கு மேற்பகுதியிலும் பளபளக்கும் நீலம். அடிவயிறும் வாலடியும் குங்குமச் சிவப்பு. பறக்கும்போது இறக்கைகளில் வட்டமான வெள்ளைத் திட்டு மின்னும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தோற்றத்தில் வேறுபாடு கிடையாது.

ஆனால் நிறத்தை நம்பிப் போக வேண்டாம் என்பதே என் அறிவுரை. நிழலில் நிற்கும்போது பச்சை முதுகு இலையோடும் மஞ்சள் மார்பு சருகோடும் கலந்துவிடும். இரண்டு மீட்டர் தொலைவில் நின்ற குருவியைப் பத்து நிமிடம் பார்க்காமல் இருந்த அனுபவம் எனக்கு உண்டு. உருவத்தை மனத்தில் வாங்கிக்கொள்வதே பயன் தரும்: உருண்டு திரண்ட உடல், நீண்ட கால்கள், யாரோ கத்தரித்துவிட்டது போன்ற குட்டை வால். அந்த வாலை அது மெதுவாக மேலும் கீழும் ஆட்டும். நடக்காது, தத்தும், இரண்டு மூன்று தத்துத் தத்திவிட்டு, காலை ஊன்றி நிமிர்ந்து நின்று, காத்திருக்கும். இதன் அறிவியல் பெயரான 'பிட்டா பிராக்கியூரா' என்பதன் பின்பாதி, கிரேக்கத்தில் குட்டை வால் என்ற பொருளுடையது. முன்பாதி, சிறு பறவையைக் குறிக்கும் 'பிட்ட' என்ற தெலுங்குச் சொல். 1766-ஆம் ஆண்டில் லின்னேயசு இதற்குப் பெயர் வைத்தார். பிட்டாக் குடும்பத்தின் நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்களில் பெரும்பாலானவை தென்கிழக்காசியக் காடுகளில் இருக்க, தென்னிந்தியாவில் இயல்பாகக் காணக் கிடைப்பது இந்த ஒன்றுதான். எனவே பிட்டாவை வேறொரு பிட்டாவோடு குழப்பிக்கொள்ளும் தொல்லை நமக்கு இல்லை.

எந்த மாதத்தில், எந்த இடத்தில்

ஆறுமணிக்குருவி நம் ஊரில் கூடு கட்டுவதில்லை. இமயமலை அடிவாரத்திலும், மத்திய இந்தியாவின் காடுகளிலும், குஜராத்தின் கிர் போன்ற பகுதிகளிலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இனப்பெருக்கம் செய்துவிட்டு, புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து சேர்கிறது. ஏப்ரல் இறுதிக்குள் பெரும்பாலும் வடக்கே திரும்பிவிடும். மே மாத விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தமிழ்நாட்டுத் தோப்புகளில் இதைத் தேடுவது வீண் அலைச்சல். கிளையின் நுனியில் நின்று தலையை மேலே எறிந்து கூவும் குருவியின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை அந்த வடபுலத்துக் காடுகளில் கூடு கட்டும் பருவத்தில் எடுக்கப்பட்டவை. அதே காட்சியை இங்கே எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். இங்கே அது இரை தேடவும் உடல் தேறவும் வந்த விருந்தாளி; பாட்டு குறைவு.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஊரின் பெயரைவிடத் தரையைப் பாருங்கள். மேலே வெயிலை மறைக்கும் மரக்கூரை, நடுவில் அடர்ந்த புதர், கீழே ஈரம் காயாத சருகு ஆகிய மூன்றும் சேர்ந்த இடம் எதுவானாலும் அங்கே வாய்ப்பு உண்டு. சென்னையில் கிண்டி தேசியப் பூங்காவும் அடையாறு பிரம்மஞான சபையின் தோட்டமும் நல்ல இடங்கள். இரண்டிலும் பொதுமக்களுக்கான நேரமும் பகுதியும் வரையறுக்கப்பட்டவை என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போக வேண்டும். கோடிக்கரையில் பூநாரையைப் பார்க்கப் போகிறவர்கள் உப்பளத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கே பாலை மரங்கள் நிறைந்த உலர் பசுமைமாறாக் காட்டுக்குள் காலையில் அரை மணி நேரம் ஒதுக்கினால், இந்தக் குருவி கிடைப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. புதுக்கோட்டை, கடலூர், விழுப்புரம் பகுதிகளில் அய்யனார் கோயில்களைச் சுற்றி எஞ்சி நிற்கும் கோயில் காடுகளும் இதே வகைத் தாவரங்களைக் கொண்டவை. ஊர்க் கட்டுப்பாடு காரணமாக அங்கே சுள்ளிகூடப் பொறுக்காமல் விட்டிருந்தால், சருகு கணுக்கால் வரை படிந்திருக்கும். ஊரின் வழக்கத்தை மதித்து, பூசாரியிடமோ பெரியவர்களிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.

இலங்கையில் இருப்பவர்களுக்கு இந்த அளவு அலைச்சல்கூடத் தேவையில்லை. வீட்டுத் தோட்டங்கள் முதல் காடுகள் வரை தீவின் பல பகுதிகளிலும் இது தங்குகிறது. சிங்களத்தில் 'அவிச்சியா' என்று இதற்குப் பெயர். தன் அழகிய ஆடையை மயில் திருடிக்கொண்டு போய்விட்டதாக இக்குருவி புலம்புகிறது என்பது அங்கே வழங்கும் கதை. நம்முடைய பெயரில் கதை எதுவும் இல்லை, நேரம்தான் இருக்கிறது. தோட்டக்கள்ளன் என்ற இன்னொரு தமிழ்ப் பெயரும் இதற்கு உண்டு. ஒளிந்து திரியும் இயல்புக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

ஆறு மணி என்பது எந்த ஆறு மணி

இந்தப் பெயரைக் கேட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. குருவி கணக்கு வைத்திருப்பது வெளிச்சத்தை. அக்டோபரில் சென்னையில் சூரியன் ஏறத்தாழ ஆறு மணிக்கு உதிக்கிறது. ஜனவரியில் ஆறரை மணிக்குப் பின்தான். நவம்பரில் மாலை 5.40-க்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். விடியலுக்கு முந்தைய மங்கிய ஒளியிலும், அந்தி மயங்கும் நேரத்திலும் ஒருமுறையோ இருமுறையோ சீழ்க்கை ஒலிக்கும். பக்கத்தில் வேறொரு குருவி இருந்தால் அதுவும் பதில் தரும். பிறகு அடங்கிவிடும். எனவே அந்தந்த நாளின் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பாகவே நீங்கள் இடத்தில் இருக்க வேண்டும். வானம் மூடியிருக்கும் நாட்களில் நண்பகலில்கூட அது குரல் கொடுப்பது உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இடையே கிடைக்கும் மேகமூட்டமான காலைப்பொழுதை நான் வேறு எதற்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

குரல் இரண்டு சுரம் கொண்டது. முதல் சுரம் மேலேறும், இரண்டாவது சட்டென்று கீழிறங்கும்: 'வ்வீட்–டியூ'. எதிர்த் தெருவில் நிற்கும் நண்பனை ஒருவன் உதடு குவித்து அழைப்பதைப் போலத் தெளிவாக இருக்கும். முதல் முறை கேட்டபோது மனிதக் குரல் என்றே நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். முந்தைய இரவே கைப்பேசியில் 'மெர்லின்' போன்ற பறவைக்குரல் செயலியில் உள்ள பதிவைப் பலமுறை கேட்டு மனத்தில் பதியவைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் நுழைந்ததும் அந்தக் கைப்பேசியின் ஒலியை அணைத்துவிடுங்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் சொந்தத் தவறுதான். பறவை பார்க்கத் தொடங்கிய முதல் ஆண்டில், பொறுமை இல்லாமல் பதிவு செய்த குரலைப் புதரருகே ஒலிக்கவிட்டேன். குருவி உடனே வந்தது. மார்பை நிமிர்த்தி, என்னைச் சுற்றி மூன்று பக்கமும் தத்தித் தத்திப் போய்க் கூவியது. அந்த இருபது நிமிடமும் அது ஒரு புழுவைக்கூடக் கொத்தவில்லை. குளிர்காலத்திலும் தனக்கென ஒரு துண்டு நிலத்தைக் காத்துக்கொள்ளும் பறவை இது. யாரோ வந்து பறிக்கப் பார்க்கிறான் என்று நினைத்திருக்கிறது. அடுத்தடுத்த வாரங்களில் அந்தப் புதரில் அதை நான் காணவில்லை. வேறு காரணமும் இருக்கலாம். இருந்தாலும் அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

உட்கார்ந்து கேட்பது

குரல் வந்த திசையை மட்டும் குறித்துக்கொண்டு, அங்கே ஓடாமல், சூரியன் எழுந்து பத்து நிமிடம் ஆகும் வரை இருந்த இடத்திலேயே இருங்கள். பிறகு ஒற்றையடிப் பாதையிலேயே மெல்ல நடந்து, ஒலி வந்த புதரிலிருந்து பதினைந்து மீட்டர் தள்ளி ஒரு மரத்தடியில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். நிற்பதைவிட உட்காருவது நல்லது: மனித உருவம் சிறிதாகிறது, பார்வையும் குருவியின் உயரத்துக்கு இறங்குகிறது. புதருக்கு அடியில் ஓடும் இடைவெளிகள் நிற்பவர்களின் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. உடை மங்கிய பச்சையோ பழுப்போ ஆக இருக்கட்டும். வெள்ளைச் சட்டை வேண்டாம். உட்காரும் முன் ஒரு குச்சியால் சருகைத் தட்டிப் பார்த்துக்கொள்வதும், முழங்கால் வரை மூடும் காலணி அணிவதும் அவசியம். கண்ணாடிவிரியனுக்கும் சருகு பிடிக்கும்.

இனி காதுக்குத்தான் வேலை. சருகில் கேட்கும் சலசலப்பு எல்லாம் ஒன்றல்ல. தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்து, சண்டைக்காரர்களைப் போலக் கத்திக்கொண்டே இலைகளை வாரி இறைக்கும். அரணை ஓடினால், துணியை இழுப்பது போன்ற ஒரு நீண்ட சரசரப்பு கேட்டு நின்றுவிடும். ஓணான் குதித்தால் ஒரே ஒரு தட்டல். ஆறுமணிக்குருவியின் ஒலிக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது: தத்தும் ஓசை இரண்டு, ஓர் இலை புரளும் ஓசை, பிறகு நீண்ட அமைதி, மறுபடியும் தத்தல், புரட்டல், அமைதி. அலகால் சருகைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு, கீழே நெளியும் பூச்சி, புழு, மண்புழு ஆகியவற்றைக் கவனிப்பதற்காகத்தான் அந்த அமைதி. இந்தத் தாளத்தைக் காது ஒருமுறை பிடித்துக்கொண்டால், பிறகு பேருந்து இரைச்சலுக்கு நடுவே உள்ள பூங்காவில்கூட அடையாளம் தெரியும்.

இதே தாளத்தில் ஏமாற்றக்கூடிய பறவைகள் இரண்டு உண்டு. செந்தலைப் பூங்குருவியும் இப்படித்தான் நிழலில் தனியே சருகைப் புரட்டும். ஆனால் அதன் உச்சந்தலை ஆரஞ்சாக, வால் நீளமாக இருக்கும். கொடிக்கால் வாலாட்டி மெலிந்த உடலும் மார்பில் இரட்டைக் கறுப்புப் பட்டையும் கொண்டது. வாலைப் பக்கவாட்டில் ஆட்டும். இவற்றைப் பார்த்துவிட்டு ஏமாந்ததாக நினைக்க வேண்டாம். இவையும் குளிர்காலத்தில்தான் நம் தோப்புகளில் தென்படும்.

பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் எட்டு மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் வில்லையும் கொண்டது போதும். பத்து மடங்கில் கை நடுக்கம் கூடும். நிழலில் காட்சி சற்று மங்கலாகவும் தெரியும். மிக அருகில் இருப்பதையும் தெளிவாகக் காட்டுகிறதா என்று கடையிலேயே சோதித்து வாங்குங்கள். இந்தக் குருவி சில வேளைகளில் காலடிக்கே வந்து நிற்கும். படம் எடுப்பவர்கள் ஃபிளாஷ் போடாமல் இருப்பதும், குறுக்கே நிற்கும் குச்சிகளை ஒடிக்காமல் இருப்பதும் நாகரிகம். பார்த்த நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, இயன்றால் பறவைக் குறிப்புகளைத் திரட்டும் 'இ-பேர்ட்' இணையதளத்திலும் பதியுங்கள். பொங்கல் விடுமுறையையொட்டி ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொள்வதற்கு முன் அனுபவம் எதுவும் தேவையில்லை. ஜனவரி நடுப்பகுதியில் இந்தக் குருவி நிலைபெற்றுத் தங்கியிருக்கும் என்பதால் உங்கள் பட்டியலில் இதுவும் இடம்பெற வாய்ப்பு உண்டு.

தோட்டத்துக்கு வரவழைக்க

தோட்டமும் நான்கைந்து மரங்களும் உள்ளவர்கள் எங்கும் போக வேண்டியதில்லை. துடைப்பத்தைக் கொஞ்சம் ஓய்வாக வைத்தால் போதும். நடைபாதையை மட்டும் பெருக்கி, அந்தச் சருகைச் செம்பருத்தி, நந்தியாவட்டை, எலுமிச்சைச் செடிகளின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பிவிடுங்கள். எரிக்கவே கூடாது. மழை பட்டதும் அடிச்சருகு மட்கத் தொடங்கி, பூச்சியும் மண்புழுவும் பெருகும். அதுதான் இந்தக் குருவிக்கான பந்தி. பூச்சிமருந்து தெளித்த தோட்டத்தில் பந்தி விரித்துப் பயனில்லை. தரையோடு தரையாக, இரண்டு விரல் ஆழத்துக்குமேல் போகாத மண்சட்டியில் தண்ணீர் வைக்கலாம். நான் தொடர்ந்து சில ஆண்டுகள் குருவியைப் பார்த்துவந்த ஒரு வளாகத்தில், ஒரு செப்டம்பரில் அழகுபடுத்துகிறோம் என்று புதர்களை வெட்டி, சருகை லாரியில் அள்ளிச் சென்று, புல்தரை போட்டார்கள். அந்த ஆண்டு அங்கே குரலே கேட்கவில்லை. மரம் ஒன்றைக்கூட அவர்கள் வெட்டவில்லை என்பதால், குற்றம் என்று எதையும் சுட்டிக்காட்டவும் என்னால் இயலவில்லை.

வீட்டுக்குள் வந்து விழுந்தால்

அக்டோபர், நவம்பர் மாதங்களில் 'பால்கனியில் கலர் கலராக ஒரு குருவி விழுந்து கிடக்கிறது' என்று யாராவது அழைத்தால், அது பெரும்பாலும் ஆறுமணிக்குருவியாகவே இருக்கும். இரவில் வலசை போகும் பறவை. நெடுந்தூரம் பறந்து களைத்த நிலையில் விளக்கொளியால் திசை தடுமாறி, கண்ணாடியில் மோதி விழுகிறது. குஞ்சு என்று எண்ணி வளர்க்க முற்படாதீர்கள். அது வளர்ந்த பறவை, வால் அவ்வளவுதான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி இதைக் கூண்டில் வைத்திருப்பது குற்றமும் ஆகும்.

முதலில் பூனையையும் காக்கையையும் விலக்குங்கள். மெல்லிய பருத்தித் துணியை மேலே போட்டு, இறக்கைகள் உடலோடு ஒட்டியிருக்குமாறு இரு கைகளாலும் மென்மையாக எடுங்கள். மார்பை அழுத்தினால் மூச்சு முட்டும். காற்றுத் துளை இட்ட அட்டைப்பெட்டியின் அடியில் துணி விரித்து, அதில் விட்டு மூடி, மின்விசிறி இல்லாத அமைதியான அறையில் வையுங்கள். இருட்டே அதற்கு முதல் மருந்து. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம்; மூச்சுக்குழாயில் இறங்கினால் பறவை இறந்துவிடும். சோறு, பால், ரொட்டி எதுவும் தர வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கும் ஆசையையும், பிள்ளைகளை அழைத்துக் காட்டும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்தில் பெட்டிக்குள் தத்தும் ஓசை கேட்கும்.

இறக்கை தொங்கினாலோ, இரத்தம் தெரிந்தாலோ, இரண்டு மணி நேரம் கழித்தும் எழுந்து நிற்காவிட்டாலோ வனத்துறைக்கோ அருகிலுள்ள விலங்குநல அமைப்புக்கோ தகவல் கொடுங்கள். பூனை கவ்வியிருந்தால், காயம் வெளியே தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பூனையின் எச்சிலில் உள்ள கிருமிகள் சிறு பறவையை ஓரிரு நாளில் கொன்றுவிடக்கூடும்.

தேறிவிட்ட குருவியை இரவில் வெளியே விட வேண்டாம். விடிந்த பிறகு விடுங்கள். மொட்டைமாடியிலிருந்து தூக்கிப் பறக்கவிடுவது வழக்கமாகிவிட்டது. வெட்டவெளியில் அது பருந்துக்கும் காக்கைக்கும் இரையாகும். அருகில் புதரும் சருகும் உள்ள நிழலான இடத்துக்குப் பெட்டியை எடுத்துச்சென்று, தரையில் பக்கவாட்டில் சாய்த்து, மூடியைத் திறந்துவிட்டுப் பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். உடனே வெளியே வராது. முதலில் கறுப்புப் பட்டையிட்ட தலை மட்டும் நீளும். பிறகு ஒரு தத்து, பெட்டியின் விளிம்பில் சிறிது நேரம், இன்னொரு தத்து. பல வேளைகளில் பறந்துகூடப் போகாது. சருகின் மேல் இறங்கி, வாலை இருமுறை ஆட்டிவிட்டு, முதல் இலையைப் புரட்டத் தொடங்கிவிடும். அப்போது பெட்டியை எடுக்க அவசரப்படாமல், அது புதருக்குள் மறையும் வரை நின்ற இடத்திலேயே நில்லுங்கள்.